பாய்லர் இளைத்த கதை

(கைலாசபுரத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உடல் எடையும் சைக்கிள் போட்டியும்" என்று அழைப்பிதழில் தலைப்பு போட்டிருக்கிறார்கள். என் வகுப்புத் தோழர்கள் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்திருப்பார்கள். ஏனென்றால் கல்லூரியில் நாலு வருஷமும் எனக்கு வேறு பெயர் கிடையாது, "பாய்லர்"தான். கைலாசபுரத்திலிருந்து வந்தவன், ஆளும் உருண்டை. பெல் நிறுவனத்தில் பாய்லர் செய்கிறார்கள் அல்லவா, பொருத்தமாக வைத்துவிட்டார்கள். வைத்தவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது அவருக்கும் தொப்பை இருக்கிறது. நான் பதிலுக்குப் பெயர் வைக்கப்போவதில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இந்த ஊரே சைக்கிளில் வளர்ந்த ஊர். 1960-களின் நடுவில் செக்கோஸ்லோவாகியா உதவியோடு தொழிற்சாலை வந்தது. கூடவே இந்தக் குடியிருப்பு வந்தது. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் கேட்டிலிருந்து சைக்கிள்கள் வெள்ளம் போல வரும். அதில் எங்கப்பாவைக் கண்டுபிடிப்பது எனக்கு ஒரு விளையாட்டு. இருபது கிலோவுக்குக் குறையாத இரும்புச் சைக்கிள், கேரியரில் டிபன் பாக்ஸ், ஹேண்டில்பாரில் காய்கறிப் பை. முப்பது வருஷம் மிதித்தார். அதை அவர் உடற்பயிற்சி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "வேலைக்குப் போறேன்" என்பார், அவ்வளவுதான்.

அப்பா சைக்கிள் வைத்திருந்தார். நான் ஸ்கூட்டர் வாங்கினேன், பிறகு கார் வாங்கினேன். 2016-ல் என் உயரம் 1.70 மீட்டர், எடை 96 கிலோ. உயரம் மாறவில்லை, மற்றதெல்லாம் மாறியிருந்தது. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவதுதான் டாக்டர்கள் சொல்லும் பி.எம்.ஐ. எனக்கு அது 33. நம் நாட்டு மருத்துவர்கள் 2009-ல் ஒருமித்து வகுத்த அளவுப்படி 23-க்கு மேல் போனாலே எடை கூடுதல், 25-ஐத் தொட்டால் உடல் பருமன். இடுப்புச் சுற்று ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும்.

வெள்ளைக்காரர்களுக்கு 30 வரை விட்டுக்கொடுத்துவிட்டு நமக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி என்று கேட்பீர்கள். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் சேர்ந்து நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தால் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். அவர் மாரத்தான் ஓடுகிறவர். நம்மவரோ, ஆஸ்பத்திரி லிப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பதுதான் தன் உடற்பயிற்சி என்கிற மாதிரி வேடிக்கையாகத் தன்னைப் பற்றியே எழுதியிருந்தார். வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மில் பலருடைய வாகு அது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்ததில், பி.எம்.ஐ. கணக்கில் பருமன் 28.6 சதவீதம் பேருக்கு. வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம் பேருக்கு. அதாவது எடை மெஷினில் தப்பித்து, இடுப்பு டேப்பில் மாட்டிக்கொள்கிறவர்கள் நம்மில் நிறைய.

நான் இரண்டிலும் மாட்டியவன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. டாக்டர் நடக்கச் சொன்னார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அப்போதுதான் அப்பாவின் சைக்கிள் ஞாபகம் வந்தது. சைக்கிளில் உடம்பின் பாரத்தைச் சீட்டு தாங்கிக்கொள்ளும். காலுக்கு மிதிக்கிற வேலை மட்டும்தான். கனத்த உடம்புக்காரனுக்கு இதைவிட நல்ல துவக்கம் கிடையாது. முதல் நாள் திருவெறும்பூர் போய்த் திரும்புவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. ஆறு மாதத்தில் கல்லணை. ஒரு வருஷத்தில் தஞ்சாவூர் போய்த் திரும்பினேன்.

இஞ்சினியர் கூட்டம் இது, கணக்குச் சொல்லாமல் விட்டால் மதிக்க மாட்டீர்கள். ஒருவன் 200 வாட் சக்தியில் ஒரு மணி நேரம் மிதித்தால் 720 கிலோஜூல் வேலை. மனித உடம்பின் திறன் கால் பங்குக்கு மேல் போவதில்லை. பாய்லர் கட்டுகிறவர்கள் சிரிப்பார்கள், ஆனால் உண்மை அதுதான். ஆக உடம்பு செலவழிப்பது சுமார் 700 கலோரி. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோவுக்குச் சுமார் 7,700 கலோரி. ஒரு கிலோ குறைய பதினொரு மணி நேரம் மிதிக்க வேண்டும். இடையில் இரண்டு பரோட்டாவும் சால்னாவும் உள்ளே போனால், ஒரு மணி நேர உழைப்பில் பெரும்பகுதி அங்கேயே காலி. சைக்கிள் மட்டும் இளைக்க வைக்காது. தட்டும் சேர்ந்து குறைய வேண்டும். இரண்டும் குறைந்ததில், இரண்டே வருஷத்தில் 68 கிலோவுக்கு வந்தேன்.

அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. காரணம், போட்டி ஆசை.

நீலகிரியில் மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதை உங்களுக்குத் தெரியும். 36 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏற்றம். 2008-ல் தொடங்கிய டூர் ஆப் நீல்கிரிஸ் சைக்கிள் பயணத்தில் பெயர் பெற்ற ஏற்றம் அது. அதில் நல்ல நேரம் எடுக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. சமதரையில் நம் எதிரி காற்று. தஞ்சாவூர் சாலையில் வேகமாகப் போகும்போது பெரும்பாலான சக்தி காற்றைக் கிழிக்கத்தான் செலவாகிறது; அங்கே கனமானவனுக்கும் பெரிய நஷ்டமில்லை. மலையில் எதிரி புவியீர்ப்பு. அங்கே ஒவ்வொரு கிலோவும் கணக்கு.

காற்றையும் உராய்வையும் விட்டுவிட்டு ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் போட்டுப் பாருங்கள். சைக்கிள், தண்ணீர் எல்லாம் பத்து கிலோ. நான் 96 கிலோவாக இருந்து 200 வாட்டில் மிதித்தால் 87 நிமிஷம். அதே 200 வாட், 68 கிலோ என்றால் 64 நிமிஷம். கால் அதே கால். 23 நிமிஷம் மிச்சம்! இதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. 60 கிலோவுக்கு இறங்கினால் இன்னும் ஆறரை நிமிஷம் குறையுமே என்று காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன்.

இந்த நினைப்பு எனக்கு மட்டும் வந்ததல்ல. சைக்கிள் போட்டி உலகத்தின் பழைய வியாதி. 1998-ல் இத்தாலிப் பந்தயத்தையும் பிரெஞ்சுப் பந்தயத்தையும் ஒரே வருஷத்தில் ஜெயித்த மார்கோ பன்டானி 57 கிலோதான். (ஊக்கமருந்து விவகாரம் தனிக் கதை, அதற்குள் நான் போகவில்லை.) ஆனால் 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை பிரெஞ்சுப் பந்தயத்தை வென்ற மிகுவேல் இந்துராயின் ஏறக்குறைய 80 கிலோ. கல் பாவிய சாலையில் ஓடும் பாரிஸ்–ரூபே பந்தயத்தை 2004-ல் ஜெயித்த ஸ்வீடன்காரர் மேக்னஸ் பேக்ஸ்டெட் 90 கிலோவுக்கும் மேல். அவரவர் உடம்புக்கு அவரவர் களம். இதெல்லாம் படித்திருந்தேன். ஆனால் என் கண்ணுக்குப் பன்டானி மட்டும்தான் தெரிந்தார்.

இன்னொரு வேடிக்கை. சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் விதிப்படி பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. மெலிந்த சைக்கிள் உடைந்தால் ஆபத்து என்று 2000-ல் வந்த விதி. ஓட்டுகிற ஆளுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. மெலிந்த மனிதன் உடைந்தால்?

நான் உடைந்தேன். இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். காலையில் வெறும் வயிற்றோடு நாலு மணி நேரம் மிதித்தேன். 60 கிலோ வந்தது. பி.எம்.ஐ. 20.8, அட்டவணையைப் பார்த்தால் நான் உத்தமன். 68-ல் இருந்தபோது 23.5, அதாவது லேசாகக் கூடினவன்! ஆனால் தூக்கம் போனது, எரிச்சல் வந்தது, மாடிப்படி ஏறக் கால் கெஞ்சியது. ஒரு நாள் துவாக்குடி தாண்டி, கண் இருட்டி, சைக்கிளோடு ஓரத்தில் சாய்ந்தேன். டீக்கடைக்காரர் ஓடி வந்து தூக்கி உட்காரவைத்து, சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் நாலு கடலை மிட்டாயும் கொடுத்தார். "சாருக்கு ஏதும் பெரிய வியாதிங்களா?" என்று கேட்டார். முப்பத்தாறு கிலோ இளைத்ததற்கு எனக்குக் கிடைத்த முதல் உண்மையான விமர்சனம் அது.

பரிசோதனையில் எலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது. சைக்கிளில் சீட்டு பாரத்தைத் தாங்குவது முழங்காலுக்கு நல்லது. ஆனால் பாரம் விழாத எலும்புக்கு வலு ஏறாது. அதோடு பட்டினியும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். விளையாடுகிறவர்கள் செலவுக்கு ஏற்றபடி சாப்பிடாமல் உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் இந்த நிலைக்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு 2014-ல் "ரெட்-எஸ்" என்று பெயர் வைத்தது. அதுவரை பெண்களுக்கு வருவது என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆண்களுக்கும் வரும் என்று சேர்த்துச் சொன்னது அப்போதுதான்.

அந்த வாரம் பவர் மீட்டரைப் பார்த்தேன். என்னுடைய 200 வாட், 170 ஆகியிருந்தது. பழைய கணக்கைத் திரும்பப் போட்டேன். 60 கிலோ, 170 வாட்: 67 நிமிஷம். எட்டு கிலோ குறைந்த பிறகு, மலையேற மூன்று நிமிஷத்துக்கும் மேல் கூடுதலாகியிருந்தது! விறகைக் குறைத்துக்கொண்டே போய்விட்டு, ஆவி வரவில்லையே என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பாய்லர் என்று பெயர் வைத்தவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இந்த மேடைக்கு வந்திருக்க மாட்டேன். என் மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. ஒரு ராத்திரி சாப்பாட்டில் பாதியை ஒதுக்கி வைத்தாள். "ஏம்மா?" என்றேன். "நீங்களும்தானே சாப்பிடலப்பா" என்றாள். அலமாரியைத் திறந்தால் என் காகிதத்துக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரு காகிதம். தேதி, கிலோ, தேதி, கிலோ. குண்டு என்று அவளைப் பள்ளியில் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பதில் தயாராக ஒட்டியிருந்தது, ஒட்டினவன் நான்.

இரண்டு காகிதத்தையும் அன்றைக்கே கிழித்தோம். எடை மெஷினைப் பரணில் போட்டோம். அவளை டாக்டரிடம் அழைத்துப் போய்ப் பேசவைத்தோம். மூன்று வேளையும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது என்று என் மனைவி ஒரு சட்டம் போட்டார். அதற்கு ஒரு வருஷம் ஆயிற்று, பழைய சிரிப்பு திரும்ப. நான் இன்று 70 கிலோ. அட்டவணையில் கொஞ்சம் கூடுதல்தான். இடுப்பு 90-க்குள், சர்க்கரை சரியாக இருக்கிறது, எலும்புக்காக வாரம் இரண்டு நாள் கனம் தூக்குகிறேன், கல்லட்டியும் ஏறுகிறேன். நேரம் பார்ப்பதுண்டு, மெஷின் பார்ப்பதில்லை.

தொப்பையோடு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, பருமன் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். அதில் சந்தேகம் வேண்டாம். டேப்பை எடுத்து இடுப்பை அளங்கள், சைக்கிளை எடுங்கள். ஆனால் இளைப்பது ஒரு பந்தயம் அல்ல. அதற்கு முடிவுக்கோடு கிடையாது. நாமாகத்தான் இறங்க வேண்டும். தம்பி தங்கைகளே, கல்லூரி அணிக்கு ஓட்டுகிறவர்கள், ஓடுகிறவர்கள், யாராவது "இன்னும் நாலு கிலோ குறைச்சா மெடல்" என்று சொன்னால், அதோடு எத்தனை வாட் குறையும் என்று திருப்பிக் கேளுங்கள். தங்கைகளே, மாதவிலக்கு தள்ளிப்போனால் பயிற்சி பலமாக நடக்கிறது என்று நினைக்காதீர்கள். அது உடம்பு அடிக்கிற மணி. உடனே டாக்டரைப் பாருங்கள்.

பெயர் வைப்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேன். "பாய்லர்" என்று கூப்பிட்டதில் எனக்குக் கோபமில்லை, அன்போடுதான் கூப்பிட்டீர்கள். ஆனால் முப்பது வருஷம் கழித்து நாற்பத்துச் சொச்சம் வயதில் ஒருவன் வெறும் வயிற்றோடு சைக்கிள் மிதித்ததில் அந்தப் பெயருக்கும் ஒரு பங்கு இருந்தது. ஹாஸ்டலில் இன்றைக்கும் ஒரு பாய்லர், ஒரு பூசணி, ஒரு ஈர்க்குச்சி இருப்பார்கள். அவர்களை அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நாளைக் காலை ஐந்தரைக்குக் கைலாசபுரத்திலிருந்து கல்லணைக்குச் சைக்கிளில் போகிறோம். ரேஸ் கிடையாது. கடைசியில் வருகிறவருக்காக எல்லோரும் நிற்போம். திரும்பி வரும்போது இட்லி சாப்பிடுவோம், எண்ண மாட்டோம்.