கற்ற கையும் கட்டிய கட்டடமும்

(தாம்பரத்தில் கூடிய நமது சங்கத்துக் குடும்பக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கத்தார் ஆண்டுதோறும் நம் பிள்ளைகளின் கல்விக்குப் பொருளுதவி செய்து வருதலை நீங்கள் நன்கு அறிவீர்கள். அவ்வுதவி எத்தகைய கல்விக்கு உரியது என்பது பற்றி ஒரு விண்ணப்பம் செய்துகொள்ள விரும்புகின்றேன். அதற்கு வாயிலாக, நம் ஊருக்கு அணித்தாகிய மணப்பாக்கத்தில் தலைமையிடம் கொண்டு விளங்கும் ஒரு கட்டடத் தொழில் நிலையத்தின் வரலாற்றை முதற்கண் கூறுவேன்.

1938-ஆம் ஆண்டில் ஹென்னிங் ஹோல்க்-லார்சன், சோரன் கிறிஸ்டியன் டூப்ரோ என்னும் டென்மார்க்கு நாட்டு இஞ்சினீயர் இருவர், பம்பாயில் ஒரு சிறிய அறையில் வாணிகம் தொடங்கினர். ஒரே சமயத்தில் இருவரும் அமர்ந்து வேலை பார்க்க இயலாத அளவு சிறியது அவ்வறை என்பர். டென்மார்க்கில் செய்த பால்பண்ணை இயந்திரங்களை வரவழைத்து விற்பதே அவர்களது தொடக்கத் தொழில். 1940-இல் ஜெர்மானியர் அந்நாட்டைக் கைப்பற்றவே, சரக்கு வரவு நின்றது. விற்கப் பொருளில்லாதவர் கடையை அடைத்தல் உலக வழக்கு. இவர்களோ பட்டறை வைத்துத் தாமே இயந்திரங்களைச் செய்யலாயினர். வாங்கி விற்கும் நிலையிலிருந்து செய்து கொடுக்கும் நிலைக்கு அவர்களை உயர்த்தியது அந்த இடுக்கணேயாகும்.

1944-ஆம் ஆண்டில் கட்டட வேலைக்கென்றே ‘இஞ்சினீயரிங் கன்ஸ்டிரக்‌ஷன் கார்ப்பொரேஷன்’ என்ற தனிக் கம்பெனி ஒன்றைத் தோற்றுவித்தனர். ‘ஈ. சி. சி.’ என்று நம் பக்கத்தார் சுருக்கி வழங்குவது இதனையே. பின்னர் இது லார்சன் அண்டு டூப்ரோ என்னும் தாய்க் கம்பெனியோடு ஒன்றாயிற்று. படம் வரைதல், பளுவைக் கணக்கிடுதல், கட்டி முடித்தல் ஆகிய மூன்றினையும் ஒரு குடைக்கீழ் நடத்துவது இந்நிலையத்தின் சிறப்பாகும். சென்னை ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கை 1993-இல் எழுப்பியவர் இவர்களே. நருமதைக் கரையில் 182 மீட்டர் உயரத்தில் நிற்கும் படேல் பெருந்தகையின் சிலையையும் 2018-இல் இவர்களே முடித்தனர்.

எனினும், இவர்கள் ஆற்றிய பணிகளுள் என் உள்ளத்தைக் கவர்ந்தது தில்லியில் உள்ள பஹாய் மதத்தாரின் தாமரைக் கோயிலேயாம். அதனைக் கற்பித்தவர் பாரசீக நாட்டவராகிய பரீபோர்ஸ் சஹ்பா என்னும் சிற்பி. 1980-இல் கட்டத் தொடங்கி 1986-இல் முடித்தனர். அதன் இதழ்கள் 27. ஓரிதழேனும் தட்டையானதன்று, எல்லாம் வளைந்தன. வளைவுக்கு ஏற்பச் சாரம் கட்டிச் சென்டரிங் அடித்தல் எத்துணை அரிது என்பதைத் தச்சரைக் கேட்டால் அறியலாம். நிறுத்தி நிறுத்திக் கான்கிரீட்டு இட்டால், பழையதும் புதியதும் கூடுமிடத்தில் தழும்பு தோன்றும். ஆகவே ஓரிதழுக்கு ஏறக்குறைய 48 மணி நேரம் இடையறாது இட்டனர். கம்பி துருவேறினால் வெண்மையில் கறை படியும். ஆகவே துத்தநாகப் பூச்சிட்ட கம்பியையே வைத்தனர். அக்கான்கிரீட்டைக் கூடையில் ஏந்தித் தலைச்சுமையாகச் சாரத்தின்மீது ஏற்றியவர்களோ பெண் தொழிலாளிகள். கணக்கிட்டவன் அறிவும் கூடை சுமந்தவள் கால் தவறாமையும் ஒன்றுகூடியே அத்தாமரை மலர்ந்தது. இரண்டில் ஒன்று பிழைத்திருப்பினும் இதழ் விரிந்திராது.

இவ்வுண்மையை நம் முன்னோர் அறியாதவரல்லர். நெடுநல்வாடையில், கோல்களின் நிழலை நோக்கித் திசையறிந்து, கயிறிட்டு அளந்து அரண்மனையை வகுத்த செய்தி வருகின்றது. அங்கே கயிறு பிடித்தவர் நூல் கற்ற அறிஞரே. நூலும் கயிறும் ஒரு கையில் இருந்தன. அவற்றைப் பிரித்து, ஒன்றினை உயர்வென்றும் மற்றொன்றினை இழிவென்றும் வைத்தது பின்வந்த பிழை.

அப்பிழையின் விலை யாதென்று காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. மணப்பாக்கத்துக்கு அயலதாகிய மௌலிவாக்கத்தில், 2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் மாலை மழைப்பொழுதில், கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து வீழ்ந்தது. 61 பேர் மாண்டனர். ஆந்திரம், ஒடிசா முதலிய நாடுகளிலிருந்து கூலிக்கு வந்த எளியோர் அவருட் பலர். அருகில் நின்ற இணைக்கட்டடத்தையும் 2016-இல் வெடி வைத்துத் தகர்க்க நேர்ந்தது. சுவரின் வண்ணத்தை எல்லாரும் காண்பர். மண்ணின் உள்ளே சென்ற அடித்தளத்தை, அதனை இட்டவனன்றி யாரே காண்பார்? காணாதவிடத்தும் செம்மையாகச் செய்பவனே கற்றவன்.

இவ்வகைக் கற்ற கைகளை உண்டாக்கும் பொருட்டு, நான் கூறிய கம்பெனியார் 1995-ஆம் ஆண்டிலேயே சென்னையிலும் பம்பாயிலும் கட்டடத் தொழிற் பயிற்சிப் பள்ளிகளைத் தொடங்கினர். கொத்துவேலை, கம்பி கட்டுதல், சென்டரிங் தச்சு, மின்கம்பி அமைத்தல் முதலியவற்றை, கட்டணம் பெறாது, ஊக்கத்தொகையும் உதவி அங்கே கற்பிக்கின்றனர். இஞ்சினீயர் ஆயிரவரை வைத்திருப்பினும், ரசமட்டம் பார்க்கத் தெரிந்த கொத்தன் இல்லையேல் கட்டடம் எழாது என்பதை அவர்கள் உணர்ந்திருத்தல் இதனால் விளங்கும்.

இனி, என் குற்றம் ஒன்றனை இச்சபை முன் ஒப்புக்கொள்ளுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பில் நம்மவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் இருந்தான். இலக்கணத்தில் மந்தன், ஆயினும் பள்ளிச் சுவரைப் பழுது பார்க்க வந்த கொத்தனாரின் தூக்குக்குண்டை வாங்கி, சுவரின் சாய்வைத் தானே கண்டு சொன்னான். யானோ, “படிக்காவிட்டால் இந்தக் கொத்துவேலைக்குத்தான் போவாய்” என்று வகுப்பறிய இகழ்ந்தேன். நின்று கேட்ட கொத்தனார் தலை கவிழ்ந்து கரணையைக் கழுவினார். பிள்ளையும் தூக்குக்குண்டைக் கீழே வைத்தான். பின்னர் அவன் யாதொரு தொழிலிலும் காலூன்றாது அலைந்ததைக் கண்டேன். ஒரு சொல்லால் இருவரை யான் சிறுமைப்படுத்தினேன். ஒருவனது வழியையும் அடைத்தேன்.

ஆதலின் பெரியோர்களே, என் விண்ணப்பம் இதுவே. நம் கல்வி நிதியில் ஒரு பகுதியைக் கைத்தொழில் பயிலும் பிள்ளைகளுக்கென ஒதுக்குக. ஆண்டு விழாவில் பட்டம் பெற்றவனுக்குப் பொன்னாடை போர்த்தும் மேடையிலேயே, தொழிற் பயிற்சி முடித்த கொத்தனுக்கும் தச்சனுக்கும் போர்த்துக. பெண் கொடுக்குங்கால் மாப்பிள்ளையின் பட்டத்தை வினவுவதோடு அவன் கைத்திறனையும் வினவுக. தாய்மார்கள் வீட்டில் “கூலிவேலை” என்ற சொல்லை இகழ்ச்சிக் குறிப்பில் வழங்காதிருக்க வேண்டுகின்றேன். பிள்ளைகள் அதனை நம் வாயிலிருந்தே கற்கின்றனர்.

அன்று யான் கீழே வைக்கச் செய்த தூக்குக்குண்டை நம் சங்கம் மற்றொரு பிள்ளையின் கையில் எடுத்துக் கொடுக்குமாயின், என் பிழை ஒருவாறு தீரும்.