நீர் காட்டிய வழி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆஸ்திரேலியப் பயணத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் பணித்தபோது சற்றே தயங்கினோம். சிட்னித் துறைமுகத்தையும் மெல்போர்ன் நகரத்துக் கடைவீதியையும் பற்றிக் கேட்கலாம் என்று வந்திருப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். அவற்றை நாங்கள் காணவில்லை. 2022ஆம் ஆண்டு, அங்கே குளிர்காலமாகிய ஆகஸ்ட் மாதத்தில், இரண்டு குடும்பத்தார் நால்வராக ஒரு மோட்டார் வண்டியில் கூடாரங்களையும் தண்ணீர்க் கலங்களையும் ஏற்றிக்கொண்டு, அக்கண்டத்தின் வறண்ட உள்நாட்டுக்குள் புகுந்தோம். இங்கே நின்று பேசுவது ஒருவர். சொல்வது நால்வர் கதை. ஆகவே 'நாங்கள்' என்றே பேசுவதைப் பொறுத்தருள்க.

அடிலெய்டு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் சென்றால் மரீ என்னும் சிற்றூர் வரும். அங்கிருந்து ஊட்னடாட்டா வழியாக மார்லா வரை செல்லும் மண்பாதையே நாங்கள் தேர்ந்துகொண்ட பாதை. நீளம் 620 கிலோமீட்டர். நம்மில் பலர் ஊருக்குப் போய்வரும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறத்தாழச் சென்னையிலிருந்து வாரங்கல் வரை உள்ள தொலைவு அது. அத்தொலைவில் எத்தனை ஊர்கள், எத்தனை ஆறுகள், எத்தனை தேநீர்க் குரல்கள் என்று எண்ணிப்பாருங்கள். அந்த மண்பாதையிலோ இடையில் இரண்டே ஊர்கள். அவற்றுள் ஒன்றாகிய வில்லியம் கிரீக்கில் நிலையாக வாழ்வோர் பத்துப் பேர் அளவினரே.

புறப்படுமுன் ஓர் ஐயம் எங்களுக்கு இருந்தது. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழையும் பெய்யாத நிலத்தில், பாதை ஏன் நேராகச் செல்லாமல் இப்படி வளைந்து செல்கிறது? வரைபடத்தில் பார்த்தால் ஒரு பெரிய வில் போலத் தெரியும். விடை மூன்றாம் நாள் கிடைத்தது. கவர்ட் ஸ்பிரிங்ஸ் என்னும் இடத்துக்கு அருகில், மரமற்ற வெளியில், தாழ்ந்த குன்று ஒன்றின் உச்சியில் ஒரு நீர்நிலை. அதன் நடுவே மணலைக் கிளப்பிக்கொண்டு, உலைநீர் கொதிப்பதுபோல் தண்ணீர் குமிழியிட்டு எழுகிறது. கண்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு நிலத்துக்கு அடியில் பரந்து கிடக்கும் பேராழி நீர்த்தேக்கம் ஒன்று, பாறைப் பிளவுகள் வழியாக அங்கங்கே மேலே கசிகிறது. கிழக்கு மலைகளில் மழையாய்ப் பெய்து, மணற்பாறையினூடே ஊர்ந்து வரும் நீர் அது. இவ்வாறு வெளிப்படும் நீரிற் சில, மழையாய் விழுந்து பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாயின என்று ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். அதன் கரையில் நின்று நெடுநேரம் பேசாமல் இருந்தோம்.

இத்தகைய ஊற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு மாலைபோல் அமைந்துள்ளன. அந்த மாலையின் நூலே பாதை. அதை முதலில் அறிந்தவர்கள் அரபனா மக்கள். எண்ணற்ற தலைமுறைகளாக அவர்கள் ஊற்றுக்கு ஊற்று நடந்தனர். 1859இல் ஸ்டூவர்ட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் அவ்வூற்றுகளைத் தம் படத்தில் குறித்துக்கொண்டார். 1862இல் வடகடலை எட்டினார். பின்னர்த் தந்திக் கம்பி வந்தது, ஒட்டகம் வந்தது, இரயில் வந்தது, இறுதியில் எங்களைப் போன்றோர் வந்தோம். எல்லோரும் சென்றது அதே நூலில்தான். ஆயினும் அந்நிலம் அரபனா மக்களுக்குரியது என்று நீதிமன்றம் ஏற்றது 2012ஆம் ஆண்டில். வழியில் தென்படும், கடல்மட்டத்துக்கும் 15 மீட்டர் தாழ்ந்த உப்பு ஏரிக்குக் கட்டி தண்டா என்ற அவர்கள் பெயரும் அரசு ஏடுகளில் அதே ஆண்டில்தான் சேர்ந்தது.

ஸ்ட்ராங்வேஸ் ஊற்றுக்கருகே கூரையிழந்த கற்சுவர்கள் நிற்கின்றன. பழைய தந்தி நிலையம். 1870 முதல் 1872 வரை, இரண்டாண்டுகளுக்குள், 36,000 கம்பங்களை நட்டுக் கண்டத்தைத் தெற்குவடக்காகக் கம்பியால் இணைத்தனர். டார்வினிலிருந்து கடலடிக் கம்பி ஜாவா சென்று, அங்கிருந்து சிங்கப்பூர், பினாங்கு வழியாகக் கரையேறிய ஊர் எது தெரியுமா? நம் சென்னை! அடிலெய்டு வணிகர் இலண்டனுக்கு விடுத்த செய்தி, அப்பாழ்வெளியின் கற்கட்டடத்தில் வலுவேற்றப்பெற்று, சென்னை மண்ணைத் தொட்டுத்தான் பம்பாய்க்குச் சென்றது. இந்தச் செய்தியை எங்களுள் ஒருவர் படித்து வைத்திருந்தார். அச்சுவரைத் தொட்டபோது ஏதோ உறவினர் வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. சிரிக்காதீர்கள், வெளியூரில் வாழ்பவர்களுக்கு இது விளங்கும்.

அங்கே நம் நாட்டார் கால் பட்ட தடமும் உண்டு. 1860ஆம் ஆண்டு முதல் ஒட்டகங்களோடு கராச்சித் துறைமுகத்தில் கப்பலேறி வந்தவர்கள் அவர்கள். அனைவரையும் 'ஆப்கானியர்' என்றே வெள்ளையர் அழைத்தனர். உண்மையில் பலூச்சியர், பஞ்சாபியர், சிந்துக்காரர், பெஷாவர்வாசிகள் எனப் பலர். பெரும்பாலோர் மனைவி மக்களை விட்டு மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்கள். தந்திக்கம்பி, தண்டவாளம், மாவு, கம்பளி யாவும் அவர்களுடைய ஒட்டகங்களின் முதுகில் ஏறின. மரீயில் இருப்புப்பாதையின் ஒரு புறம் வெள்ளையர் குடியிருப்பு. மறுபுறம் இவர்களும் பழங்குடியினரும். மண்சுவரும் கூரையுமாக ஒரு சிறு பள்ளிவாசல் கட்டித் தொழுதனர். அதன் மாதிரி ஒன்று இன்று அங்கே நிற்கிறது. 1901ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்திற்குப் பின் ஊர் சென்றவர் மீள்வது அரிதாயிற்று. மோட்டார் லாரி வந்ததும் தொழிலும் போயிற்று. 1925இல் ஒட்டகங்களைச் சுட்டுக் கொல்ல இசைவளிக்கும் சட்டமே வந்தது. பலர் சுடுவதற்கு மனமின்றி அவற்றைக் காட்டில் அவிழ்த்துவிட்டனர். அவற்றின் வழித்தோன்றல்களை நாங்கள் தொலைவில் கண்டோம். திரும்பிப் பார்த்துவிட்டு நடந்துவிட்டன.

இனி எங்கள் கதை. வில்லியம் கிரீக்கைக் கடந்து அல்ஜிபக்கினாவில் கூடாரம் அடித்தோம். 1892இல் கட்டிய 578 மீட்டர் நீளமுள்ள இரயில் பாலம் அங்கே உள்ளது. 1980இல் பாதையைக் கைவிட்டபின் வண்டி எதுவும் அதன்மேல் ஓடவில்லை. கீழே நீல்ஸ் ஆற்றின் மடு. ஊட்னடாட்டா இன்னும் 60 கிலோமீட்டர்தான். 1960 ஜனவரி 2ஆம் நாள் 50.7 பாகை வெப்பம் பதிவான ஊர் அது. அத்தகைய நாட்டுக்கு வந்த நாங்கள் வெயிலுக்கும் தாகத்துக்கும் அஞ்சினோமே அன்றி, மழையை நினைக்கவே இல்லை.

அன்றிரவு மழை பெய்தது. ஐப்பசி அடைமழையில் வளர்ந்த எங்களுக்கு அது மழையாகவே தோன்றவில்லை. ஒரு மூன்று மணி நேரத் தூறல். விடிந்ததும், அருகே முகாமிட்டிருந்த ஆஸ்திரேலிய முதியவர் ஒருவரும் அவர் மனைவியாரும் வந்து, பாதையை மூடிவிட்டதாக வானொலி வழியே அறிந்ததைச் சொன்னார்கள். எங்களுக்கோ ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் விமானச் சீட்டு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இருக்கிறது, 60 கிலோமீட்டருக்கா அஞ்சுவது என்று எங்களுள் ஒருவர் வாதாடினார். மற்றொருவர் கூடாது என்றார். வாதாடியவரே வென்றார். அம்மூதாட்டி தடுத்தும் புறப்பட்டோம்.

முந்நூறு அடி சென்றிருப்போம். செம்மண் பசையாகிச் சக்கரத்தில் அப்பி, வண்டி தன்போக்கில் வழுக்கிப் பாதையின் ஓரத்தில் அமிழ்ந்தது. மண்வெட்டியால் மூன்று மணி நேரம் வெட்டினோம். இறுதியில் முதியவர் தம் பாய்களைக் கொணர்ந்து சக்கரத்தடியில் இட, பின்னோக்கியே ஊர்ந்து முகாமுக்கு மீண்டோம். பாதையில் முழங்கால் ஆழத்துக்கு இரண்டு உழவுசால்கள். அவற்றைக் காட்டி மூதாட்டி கடிந்துகொண்ட சொற்கள் இன்றும் காதில் நிற்கின்றன. காய்ந்தால் அந்தச் சால் கல்லாகிவிடுமாம். இரவில் நோயாளியை ஏற்றி வரும் வண்டி அதில் மாட்டினால் கவிழ்ந்துவிடுமாம். பாதையை மூடுவது உங்களுக்காக மட்டும் அன்று என்றார்.

எஞ்சியிருந்த குடிநீர் 44 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் குடிக்கவும் சமைக்கவும் என்று அளந்தோம். மாடுகள் இறங்கும் மடுநீரைக் காய்ச்சிப் பாத்திரம் கழுவினோம். புளிக்காய்ச்சல் புட்டி ஒன்று கையிருந்ததால் சோற்றுக்குக் குழம்பு வைக்கும் நீர் மிச்சமாயிற்று. அன்று மாலை நாங்கள் நால்வரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. இதைச் சபையில் சொல்வது அழகன்று. விட்டால் உரை பொய்யாகும். வாதாடியவர் தனியே பாலத்தடியில் போய் அமர்ந்திருந்தார். இருட்டியபின் கூடாதென்றவர் ஒரு குவளை நீரை, தம் பங்கிலிருந்து, கொண்டுபோய்க் கொடுத்தார்.

விமானம் போய்விட்டது. நான்காம் நாள் காலை வெயிலேறியதும், பாதையைச் செப்பனிடும் பெரிய வண்டி ஒன்று வடக்கிலிருந்து வந்தது. ஓட்டி வந்தவர் சால்களின் அருகே நிறுத்தி இறங்கினார். மூடிய பாதையில் வண்டி ஓட்டுவது அங்கே தண்டனைக்குரிய குற்றம். முதியவர் ஒன்றும் சொல்லாமல் எங்களைப் பார்த்தார். வாதாடியவர் முன்னே சென்று, நாங்கள்தாம் என்றார். அந்த மனிதர் எங்கள் வண்டியையும், காய்ந்த மண் அப்பிய எங்கள் துணிகளையும் பார்த்துவிட்டு, வண்டியில் ஏறி, அந்த முந்நூறு அடியை முன்னும் பின்னுமாக ஆறு முறை இழைத்தார்.

அவருக்குக் காப்பி கலந்தோம். ஊரிலிருந்து கொண்டுபோன பொடி. எஞ்சிய நீரில் பில்டரில் இறக்கியது. ஒரு வாய் குடித்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். சொன்னோம். இன்னொரு குவளை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, ஊட்னடாட்டா வரை மெல்லச் செல்லுங்கள் என்று சொல்லித் தெற்கே போனார்.