கணவர் ஒருவரே, ஆனாலும்

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். பிற்பாடு அவரிடம் சிகிச்சைக்கு வந்த பெண்களில் பலர், கணவரைத் தவிர வேறு யாரோடும் உறவில்லாதவர்கள். பால்வினை நோய் வரும் ஆபத்து நம் நடத்தையை மட்டுமல்ல, துணைவரின் நடத்தையையும் பொறுத்தது. ‘எனக்கு எங்கே வரப்போகிறது’ என்றே பலரும் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் அறிகுறி தெரியாமலும் தொற்று இருக்கலாம். சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது, தானாகவே ஆறிவிடும்; கிருமியோ உடலில் தங்கிவிடும். கிளமிடியா பல பெண்களுக்கு அறிகுறியே காட்டாமல் கருக்குழாயைப் பாதிக்கக்கூடும். இரண்டுமே மருந்தில் குணமாகும். ஆனால் துணைவர்கள் இருவரும் சேர்ந்தே சிகிச்சை எடுக்க வேண்டும். இல்லையென்றால் தொற்று திரும்ப வரும். ஆணுறை ஆபத்தை வெகுவாகக் குறைக்கும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். சந்தேகம் கேட்க 1097-ஐ அழைக்கலாம்; கட்டணமில்லை.