பெரியவர்கள் குரலைப் பதிவு செய்வோம், இரைச்சல் இல்லாமல்

(நம் சங்கத்தின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பல வீடுகளில் ஒரு யூ.எஸ்.பி. மைக் இருக்கிறது. ஆன்லைன் வகுப்புக்கோ அலுவலகக் கூட்டத்துக்கோ வாங்கியது. பாதி நாள் அலமாரியில்தான் கிடக்கிறது. அதை எடுத்து உங்கள் வீட்டுப் பெரியவர் முன்னால் வையுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறேன்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நடந்தது. இவ்வளவும் புத்தகத்தில் உண்டு. அந்த நாட்களில் அபிஷேகப்பாக்கத்திலும் பாகூரிலும் வில்லியனூரிலும் திண்ணையில் உட்கார்ந்து என்ன பேசிக்கொண்டார்கள், எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்கம் எப்படிப் போய்வந்தார்கள் என்பதெல்லாம் பெரியவர்கள் நினைவில்தான் இருக்கிறது. அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. நமக்கு அதிக நேரமில்லை.

பதிவு செய்யும்போது நாம் சந்திக்கும் முதல் தொல்லை இரைச்சல். ஃபேன், ஃபிரிட்ஜ், தெருநாய், பக்கத்து வீட்டு மிக்சி. நம் காது இவற்றைத் தானாக ஒதுக்கிவிடும். மைக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எல்லாவற்றையும் ஒன்றுபோல வாங்கிக்கொள்ளும்.

முதல் மருந்து தூரம். மைக்குக்கும் வாய்க்கும் இடையே உள்ள தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். இரண்டடியில் இருந்த மைக்கை அரையடிக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் லாபம். ஃபேன் சத்தம் இருந்த அளவிலேயே இருக்கும். குரல் கூடியதால் மைக்கின் கெயின் குமிழைக் குறைக்கலாம். குறைத்தால் இரைச்சலும் இறங்கிவிடும். விலை உயர்ந்த மைக் வாங்குவதைவிட இது பெரிய பலன், செலவும் இல்லை. 'ப', 'ட' வரும்போது காற்று மைக்கில் அடிக்காமல் இருக்க, வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே பக்கவாட்டில் வையுங்கள்.

அடுத்தது திசை. வீட்டு மைக்குகளில் பெரும்பாலானவை 'கார்டியாய்டு' வகை. முன்பக்கச் சத்தத்தை நன்றாக எடுக்கும், பின்பக்கச் சத்தத்தைக் குறைவாக எடுக்கும். ஆகவே அதன் முதுகு ஜன்னலையோ ஃபிரிட்ஜையோ பார்த்து இருக்கட்டும். சில மைக்குகளில் உச்சியில் பேசக் கூடாது, பக்கத்தில்தான் பேச வேண்டும். உங்களுடையது எது என்று ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது அறை. டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் எதிரொலி கொடுக்கும். கூடத்தை விடுத்துப் படுக்கையறையில் உட்காருங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வையுங்கள், தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், பெரியவருக்குப் பின்னால் ஒரு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். மேசை அதிர்வு மைக்கில் ஏறாமல் இருக்க அடியில் துண்டை நான்காக மடித்துப் போடுங்கள். லேப்டாப்பைச் சற்றுத் தள்ளி வையுங்கள். 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்டால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அது அதோடு நின்றுவிடும்.

ஃபேனை என்ன செய்வது? நிறுத்தினால்தான் பதிவு நன்றாக வரும். ஆனால் சித்திரை வெயிலில் எண்பது வயதுக்காரரை ஃபேன் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்காரவைப்பது சரியில்லை. பத்து நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் ஃபேனும் மோரும் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அதற்கும் மனமில்லை என்றால் ஃபேன் ஓடட்டும். இரைச்சலோடு வந்த பேச்சு, பதிவாகாத பேச்சைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி கேட்பவருக்குத் தனி மைக் வேண்டாம். அடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ஒரே நேரத்தில் இரண்டு யூ.எஸ்.பி. மைக்கைச் சேர்த்துப் பதிவது சிரமம். ஒரே மைக்கைப் பெரியவர் பக்கம் வைத்துவிட்டு, நீங்கள் தள்ளி உட்கார்ந்து குரலை உயர்த்திக் கேளுங்கள். அவர் பேசும்போது 'ஆமாம், ஆமாம்' என்று குறுக்கிடாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். ஒலி அளவு காட்டும் கோடு, உரக்கப் பேசும்போது மைனஸ் 12 முதல் மைனஸ் 6 வரை போனால் போதும். பூச்சியத்தைத் தொட்டால் குரல் உடையும். உடைந்ததைப் பிறகு ஒட்ட முடியாது.

தொடங்கும் முன் பத்து விநாடி யாரும் பேசாமல் அறையின் அமைதியைப் பதியுங்கள். அடாசிட்டியில் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' வசதிக்கு மாதிரியாகக் கொடுத்தால், அதே இரைச்சலைப் பேச்சு முழுவதிலும் குறைத்துக் கொடுக்கும். 6 முதல் 12 டெசிபலுக்கு மேல் போகாதீர்கள். போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். இது ஃபேன்போல் ஒரே சீராக ஓடும் சத்தத்துக்கு மட்டும்தான் உதவும். குக்கர் விசிலும் பஸ் ஹாரனும் இதில் போகாது. அவை வந்தால் சற்றுப் பொறுத்து, "அதை இன்னொரு தடவை சொல்லுங்க தாத்தா" என்று கேட்பதே வழி.

திருத்தாத மூலப் பதிவை 'வேவ்' கோப்பாகவே வைத்திருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோவில் ஒரு மணி நேரம் சுமார் 320 எம்.பி. வரும். இரண்டு இடத்தில் பிரதி இருக்கட்டும். நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வரலாம், அதற்கு மூலம் தேவை. பதிவை வெளியே யாருக்காவது அனுப்பும் முன் பேசியவரின் சம்மதத்தைக் கேளுங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. அதற்குள் இருந்தாலும் சுவரில் ஓடும் ஒரு டிரில் நான்கு வீட்டுப் பதிவைக் கெடுக்கும். ஞாயிறு மதியம் 2 மணி முதல் 4 மணி வரை டிரில், தண்ணீர் மோட்டார், தச்சு வேலை எதுவும் வேண்டாம் என்று நமக்குள் ஒப்புக்கொள்வோம். அந்த நேரம் எப்படியும் பாதிப் பேர் தூங்குகிறோம். மீதிப் பேர் பெரியவர்களைப் பேச வைப்போம்.

மைக் இல்லாத வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டில் கேளுங்கள். இருப்பவர்கள் கொடுங்கள். வருகிற ஞாயிறே தொடங்கலாம்.