யாருடைய தவறு?



2021ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி நீலகிரியில் நடந்த ஹெலிகாப்டர் விபத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அன்று காலை 11.48 மணிக்குச் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எம்.ஐ.17 வி5 ரக ஹெலிகாப்டர் ஒன்று புறப்பட்டது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவர் துணைவியார் மதுலிகா ராவத் உட்பட 14 பேர் அதில் இருந்தார்கள். 12.15 மணிக்கு வெலிங்டனில் இறங்கவேண்டும். 12.08 மணிக்குத் தொடர்பு அறுந்துபோயிற்று. குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரம் அருகே, மலைச்சரிவில் மோதி எரிந்தது. 13 பேர் அன்றே மாண்டார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் பலத்த தீக்காயங்களோடு ஒரு வாரம் போராடி, டிசம்பர் 15 அன்று பெங்களூரு விமானப்படை மருத்துவமனையில் காலமானார்.

தீ அணையும் முன்னரே "இது சதியோ?" என்ற பேச்சு கிளம்பிவிட்டது. முப்படைகளின் கூட்டு விசாரணைக் குழு 2022 ஜனவரியில் தன் முடிவை அறிவித்தது. நாசவேலை இல்லை, இயந்திரக் கோளாறு இல்லை, அலட்சியமும் இல்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாற, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது. விமானி திசையுணர்வு இழந்ததால் அது தரையில் மோதியது என்றார்கள். 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நிலைக்குழு அறிக்கை, காரணத்தைச் சுருக்கமாக "மனிதத் தவறு" என்று குறித்தது.

பிரியமானவர்களே, அந்தச் சொல்லைக் குறித்தே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அந்த விமானிக்கும் குடும்பம் உண்டு. அவர்களும் அதை வாசித்திருப்பார்கள்.

நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. அவற்றிலுள்ள திரவம் அசைவதைக்கொண்டுதான் நாம் திரும்புகிறோம் என்று மூளை அறிகிறது. ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தால், இருபது விநாடி அளவில் அந்த உணர்வு மறைந்துபோகும். வளைந்து செல்பவனுக்கு நேராகச் செல்வதாகவே தோன்றும். வெளிச்சத்தில் கண் நம்மைத் திருத்திவிடும். மேகத்துக்குள் கண்ணுக்கு வேலை இல்லை. ஆகவேதான் உடல் சொல்வதை விட்டு, கருவி காட்டுவதை நம்பும்படி விமானிகளைப் பழக்குகிறார்கள்.

மிக உயரத்தில் பறப்பவருக்குத் தடுமாறினாலும் சமாளிக்கச் சற்று நேரம் கிடைக்கும். மலைச்சரிவை ஒட்டித் தாழப் பறப்பவருக்கு அந்த நேரமும் இல்லை. தேர்ந்த விமானிகளுக்கும் இந்த மயக்கம் வருவதுண்டு. தவறு என்பது உண்மையாகவே இருக்கலாம்; மற்றவர்கள் பிழைக்க அதை ஆராய்ந்து எழுதித்தான் ஆகவேண்டும். ஆனால் அதையே கல்லாக எடுத்து எறிய நமக்கு என்ன உரிமை?

நஞ்சப்பசத்திரம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிறிய குடியிருப்பு. வாகனம் எளிதில் இறங்கமுடியாத சரிவு. முதலில் ஓடிவந்தவர்கள் அவ்வூர் மக்களே. குடத்திலும் வாளியிலும் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். தங்கள் வீட்டுக் கம்பளிகளையும் போர்வைகளையும் கொடுத்தார்கள். காயப்பட்டவர்களைச் சுமந்துசெல்ல அவையே தூளியாயின. மலைக்குளிரில், டிசம்பர் மாதத்தில், ஓர் ஏழை வீட்டில் கம்பளி எவ்வளவு அருமையான பொருள் என்று நீங்கள் அறிவீர்கள். உள்ளே இருப்பவர் தளபதியா, சிப்பாயா என்று அவர்களுக்குத் தெரியாது. யாருடைய தவறு என்றும் அவர்கள் கேட்கவில்லை.

ராணுவம் அதை மறக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே அவ்வூருக்கு வந்து நன்றி சொல்லி, ஓராண்டுக்கு மாதந்தோறும் மருத்துவரையும் செவிலியரையும் அனுப்புவதாக அறிவித்தது.

விபத்து நடந்த வீடுகளில் துக்கம் விசாரிக்கப் போகும்போது, "யார் மேல் தப்பு?" என்றுதான் நாமும் முதலில் கேட்டுவிடுகிறோம். வண்டி ஓட்டியவனின் தாய் அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் பேச யாரும் போவதில்லை. ஆராய்வதற்கென்று நியமிக்கப்பட்டவர்கள் ஆராயட்டும். நாம் அந்தத் தாயின் அருகில் போய் உட்காருவோம். கையில் இருக்கும் கம்பளியைக் கொடுப்போம்.

தேவன்தாமே அந்தக் குடும்பங்கள் அனைத்தையும் ஆற்றித் தேற்றுவாராக.