இளவேனிலில் உடம்பைப் பேணும் முறை



பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் இச்சமயத்தில், இடையஞ்சாவடியின் செம்மண் கொல்லைகளில் முந்திரி பழுத்து உதிர்கிறது. வேம்பு பூத்துச் சொரிகிறது. மரக்காணத்து உப்பளங்களிலோ விடியுமுன்பே உப்பு வாரும் வேலை தொடங்கிவிடுகிறது. இவ்விதம் பருவம் மாறும்போது நம் தேகத்தை அதற்கிசைய நடத்திச் செல்வது எவ்வாறு என்பதே இன்று நான் உங்களுடன் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

சீன தேசத்தின் ஆதி வைத்திய நூலாகிய ‘ஹுவாங்டி நெய்ஜிங்’, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, வசந்த காலத்துக்கென்று ஓர் ஒழுக்கத்தை வகுத்தது. இரவில் சற்றுத் தாமதித்து உறங்கி, அதிகாலையில் எழுந்து, கூந்தலைத் தளர்த்தி, முற்றத்தில் நிதானமாக உலாவ வேண்டும் என்பது அதன் உபதேசம். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து தத்துவங்களுள் வசந்தம் மரத்துக்கு உரியது என்றும், சரீரத்தில் கல்லீரலும், மனத்தில் கோபமும் அதனோடு சம்பந்தப்பட்டவை என்றும் சீனர்கள் கொண்டார்கள். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் ஸிமியாவ் என்னும் வைத்தியர், இப்பருவத்தில் புளிப்பைக் குறைத்து இனிப்பைச் சிறிது கூட்டும்படி சொன்னார்.

நம் பாரத தேசத்து ஆயுர்வேத சாஸ்திரமோ, குளிர்காலத்தில் உடலில் சேர்ந்த கபம் வசந்தத்து வெயிலால் உருகுகிறது என்று கருதி, புளிப்பையும் இனிப்பையும் ஒருங்கே குறைத்து, எளிதில் சீரணிக்கும் உணவை உண்டு, பகல் நித்திரையைத் தவிர்க்கச் சொல்லுகிறது. இவ்விரண்டில் எது மெய், எது பொய் என்று நாம் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. சீனருடைய வசந்தம் பிப்ரவரி 4-ஆம் தேதியை ஒட்டி, பனி உருகத் தொடங்கும் நிலத்தில் பிறக்கிறது. நம் இளவேனிலோ ஏப்ரல் நடுவில், வெயில் ஏறிவிட்ட கடற்கரையில் பிறக்கிறது. ஆகவே, பருவத்துக்கிசைய வாழ்க என்ற தத்துவத்தை எவரிடமிருந்தும் ஏற்றுக்கொள்ளலாம். இன்னதை உண், இன்ன வேளையில் உறங்கு என்ற விதியை மட்டும் நம் மண்ணையும் வானத்தையும் பார்த்தே அமைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, உறக்கம். விடியுமுன் உப்பளத்துக்குப் புறப்படுகிறவர்கள் சீனருடைய விதிப்படி தாமதித்து உறங்கினால் உடம்பு தேய்ந்துபோகும். இரவுணவை முன்னதாக முடித்துக்கொண்டு சீக்கிரமே படுப்பதுதான் அவர்களுக்கு உகந்தது.

இரண்டாவது, ஆகாரம். வருஷப் பிறப்பன்று மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் சேர்த்துப் பச்சடி செய்யும் நம் தாய்மார்கள், அந்த வேப்பம்பூவை உலர்த்தி வைத்து, ரசத்திலும் அவ்வப்போது சேர்க்கலாம். காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும், பிற்பகலில் நுங்கு அல்லது பதநீரும் இக்கடற்கரைக்கு ஏற்றவை. நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் பதநீரைத் தவிர்ப்பது நலம்.

மூன்றாவதும் முக்கியமானதும் தண்ணீர். உப்பளத்தில் உழைக்கிறவர் வியர்வையில் நீரை மட்டுமன்றி உப்பையும் இழக்கிறார். ஆதலால் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி நீர் பருக வேண்டும். களைப்பு மிகுந்தால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகக் குடிக்கலாம். இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே உப்பின் அளவை நிர்ணயிக்க வேண்டும். வெண்மையான உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்குமாதலால், அகன்ற தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவசியம்.

சித்தராகிய தேரையர், நோய் அணுகாதிருக்க நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்தும், நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கும் கொள்ளச் சொல்லியிருக்கிறார். எண்ணெய் முழுக்கை நீங்களே செய்துகொள்ளலாம். பேதி மருந்தைச் சித்த வைத்தியரின் யோசனையின்றி, அதிலும் இவ்வெயிலில், ஒருபோதும் உட்கொள்ளாதீர்கள். கண்ணும் சிறுநீரும் மஞ்சளித்தால் வசந்த காலத்துக் கல்லீரல் கோளாறு என்று வாளாவிராமல் அரசு ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். வெயிலில் ஒருவர் பேச்சுக் குழறி, உடம்பு அனலாய்க் கொதித்து மயங்கினால், நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் தெளித்து விசிறி, 108-ஐ உடனே அழையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

நேயர்களே, உறக்கமும் ஆகாரமும் நம் கையில் இருக்கின்றன. ஆனால் உச்சி வேளையில் ஓய்வதும், நிழலில் உட்காருவதும் கூலிக்கு உழைக்கிறவர் கையில் இல்லை. வசந்தத்தில் கொடுக்க வேண்டும், பறிக்கலாகாது; வெகுமதி அளிக்க வேண்டும், தண்டிக்கலாகாது என்பதும் அந்தச் சீன நூலின் போதனைகளுள் ஒன்று. அளத்துக்கு உரியவர்களும் மேஸ்திரிகளும் இப்போதனையைத் தங்களுக்கே சொல்லப்பட்டதாகக் கொண்டு, ஒரு கீற்றுப் பந்தலும், குடிப்பதற்கு நல்ல தண்ணீரும், நடுப்பகலில் வேலை நிறுத்தமும் ஏற்படுத்தித் தருவார்களாயின், இப்பருவத்துக்கு அதைவிடச் சிறந்த மருந்தை எந்த வைத்தியரும் எழுதிக்கொடுக்க இயலாது. இந்தச் சித்திரையிலேயே அதைச் செய்யும்படி அவர்களை மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.