சூடாக்கிய சோறு



ஆக்கிய சோற்றை எறிதல் பாவம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். காலையில் மிஞ்சியதை மாலையில் நன்றாகச் சூடாக்கி உண்டால் தீங்கில்லை என்பது எங்கள் வீட்டில் ஐயமற்ற உண்மையாக இருந்தது. அந்த நம்பிக்கையால் ஒருமுறை பெரும் பிழை செய்துவிட்டேன்.

எமது பாடசாலையின் விளையாட்டுப் போட்டி நாள் அது. விடியற்காலை நான்கு மணிக்கு வடித்த சோறு மூடிய அண்டாவிலே பகல் ஒரு மணிவரை கிடந்தது. சமையற்காரர் தயங்கினார். "முட்டை சேர்த்து வறுத்துக் கொடுங்கள், சூட்டிலே கிருமி செத்துவிடும்" என்று சொன்னவன் நானே. மூன்று மணியளவில் பதினொரு பிள்ளைகள் வாந்தியெடுத்தனர். மறுநாள் அனைவரும் தேறினர். எனினும், வைத்தியசாலை வாயிலில் நின்ற தாய்மாரின் முகத்தை நான் மறந்திலேன்.

கிருமி செத்தது உண்மையே என்றார் வைத்தியர். அதற்கு முன்னரே அது தன் வேலையை முடித்துவிட்டதாம்.

பசிலசு சீரியசு என்னும் இப்பற்றீரியா மண்ணில் வாழ்வது. நெல்லோடு ஒட்டி அரிசிக்கு வருவது. கொதிநீரில் ஏனைய கிருமிகள் மடிய, இதன் வித்திகள் தடித்த உறைக்குள் உறங்கிப் பிழைத்துக்கொள்கின்றன. சோறு மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி நச்சுப்பொருளைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்நஞ்சு 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. நமது அடுப்பு எம்மாத்திரம்! மணத்தினாலோ சுவையினாலோ அதனை அறியவும் இயலாது.

1970களில் பிரித்தானியாவின் சீன உணவகங்களில் இதே நிகழ்ச்சி பலமுறை நேர்ந்தது. குளிரில் வைத்த சோறு கட்டிபட்டு வறுக்க வராதென்று, முன்னாளிரவு அவித்ததை வெளியே வைத்திருந்தனர்.

ஆகவே, காக்க வேண்டியது ஆறும் நேரத்தையே. சோற்றை 60 பாகைக்கு மேல் சூடாகவே வைத்திருக்க வேண்டும். அன்றேல் அகன்ற தட்டுகளிற் பரப்பி விரைவில் ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும். அண்டாவோடு உள்ளே தள்ளினால் நடுச்சோறு நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். வாந்தி கண்டவருக்கு ஜீவனி கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்குக. சுரந்துவிட்ட நஞ்சை நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நீக்காது. பெரும்பாலோர் ஒரு நாளிற் குணமடைவர். அரிதாகச் சிறுவரின் ஈரலையும் இந்நஞ்சு தாக்கியிருக்கின்றது.

இப்போது எமது போட்டி நாளில் பத்தரை மணிக்கு முன் உலை வைப்பதில்லை. சாப்பாடு பிந்துகிறதென்று பிள்ளைகள் முறையிடுகின்றனர். சமையற்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றார்.